கயிற்றின் இந்த முனை

"என்னக்கா, நீங்க நாயக் கூட்டிட்டுப் போறியளா, நாய் ஒங்களக் கூட்டிட்டுப் போவுதா?"

டீக்கடை பெஞ்சிலிருந்து வந்த கேள்வி. கேட்டவன் பொல்லாதவன் இல்லை, என் மகன் வயதுதான் இருக்கும். அன்று காலை நான் நின்ற கோலத்தைப் பார்த்த எவரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். வலது கால் செருப்பு பேக்கரி வாசலில் கிடந்தது. துப்பட்டாவின் ஒரு முனை சாக்கடையில். ஒரு கையால் மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். மறு கையில் நைலான் கயிறு தோலை உரித்துக்கொண்டு ஓடியது. அந்தக் கயிற்றின் கடைசியில் பாண்டி. வயது 10 மாதம், எடை 24 கிலோ, பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, அசல் ராஜபாளையம். பேக்கரி முன்னால் சுருண்டு படுத்திருந்த செவலை நாயைப் பார்த்து, பின்னங்கால் இரண்டில் மட்டும் எழும்பி நின்று, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். செவலை தலையைக்கூடத் தூக்கவில்லை. திருநெல்வேலி பெருமாள்புரம் மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். ஒட்டிய இடத்திலேயே நிற்கிற ராஜபாளையம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து மூன்று வாரம் திருடியைப் போல வாக்கிங் போனேன். காலை 4 மணிக்குக் கிளம்புவேன். விளக்கு எரியாத சந்தாகப் பார்த்து நுழைவேன். எதிரே ஏதாவது அசைந்தால் நிறுத்தியிருக்கும் லாரிக்குப் பின்னால் பாண்டியை இழுத்துக்கொண்டு ஒளிவேன். பால்காரர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். 22 வருடம் அரசு அலுவலகத்தில் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள், ஒரு பால்காரரைக் கண்டு பயந்தேன்!

இதைப் படிக்கிற உங்களில் ஒருவர் நாளைக் காலை அப்படித்தான் கிளம்பப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அல்லது கிளம்புவதையே நிறுத்திவிட்டீர்கள். மொட்டை மாடியில் பத்து நிமிடம் விட்டுவிட்டு, "அவனுக்கு இது போதும்" என்று உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள். உங்களிடம்தான் பேசுகிறேன். உங்களைத் தோற்கடித்தது அந்த நாயின் பலம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! உங்களைத் தோற்கடித்தது டீக்கடை பெஞ்சு.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். ஒருநாள் பாண்டியை வீட்டில் விட்டுவிட்டு, வெறும் கையோடு அதே பேக்கரி எதிரில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் தெருநாய்களைப் பார்த்தேன். இரண்டு நாய்கள் சந்திக்கும்போது நேருக்கு நேர் வருவதே இல்லை. ஒன்று வளைந்து வரும், மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அரைவட்டம் அடித்துப் பின்பக்கம் முகர்ந்துவிட்டு அததன் வழியில் போய்விடும். அதற்குள் ஒரு மரியாதை முறை இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் விலகிப் போக வழியும் இருக்கிறது. என் பாண்டிக்கு இரண்டும் இல்லை. நான் அவனை நடைபாதை ஓரமாக, ஒற்றைவழிப் பாலத்தில் பேருந்து வருவதுபோல, செவலைக்கு நேர் எதிரே ஓட்டிக்கொண்டு போகிறேன். வளைய விடவில்லை, விலகவும் விடவில்லை. மிச்சம் இருந்தது பாய்வது ஒன்றுதான்.

அதோடு நான் செய்த இன்னொரு காரியமும் அப்போதுதான் உறைத்தது. தூரத்தில் செவலை தெரிந்ததும் என் கண் போவது செவலை மேல் அல்ல, பெஞ்சின் மேல். இன்றைக்கு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? என் கை தானாக இறுகும். கை இறுகினால் கயிறு இறுகும். கயிறு இறுகினால் அவன் கழுத்து இறுகும். செவலை தெரிகிறது, கழுத்து வலிக்கிறது. செவலை தெரிகிறது, அம்மா அதட்டுகிறாள். நாளுக்கு இரண்டு வேளை, நாலு மாதம். செவலை என்றால் கெட்ட சகுனம் என்று அவன் முடிவு கட்டியதில் என்ன ஆச்சரியம்? என் வெட்கத்தைத்தான் ஆறடி நைலான் கயிறு வழியாக அவனுக்கு இறக்கிக்கொண்டிருந்தேன்.

சரி, இனி ஊர் சொன்ன புத்திமதிகளுக்கு வருவோம். அதில் நாம் பணக்காரர்கள்.

"நாலு போடு போடுங்க, அடங்கும்." "ஒரு பொட்ட நாயச் சேத்து விட்டாச் சரியாயிரும்." எதிர்வீட்டு ஆச்சி: "பொம்பளைக்கு எதுக்குட்டீ இம்புட்டுப் பெரிய நாயி, ஒரு பொமரேனியன் வாங்கிருக்கலாம்லா?" என் கொழுந்தனார்: "பேசாம தோட்டத்துல கொண்டு கட்டிப் போட்டுருவோம் மதினி." அவரிடம் ஒன்று சொன்னேன். கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக் கூட்டிப்போகாமல் விடுவதையும் கொடுமை என்றுதான் 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. நடப்பது அவனுக்கு நான் போடும் பிச்சை இல்லை. அவனுக்குச் சேர வேண்டியது.

இந்தப் புத்திமதிகளில் மிக ஆபத்தானது படித்தவர்கள் சொல்வது. "யார் எஜமான்னு காட்டுங்க மேடம். நாய் ஓநாயிலேருந்து வந்தது. கூட்டத் தலைவனுக்குத்தான் அடங்கும்." கேட்க எவ்வளவு விஞ்ஞானமாக இருக்கிறது! இதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வில். அடைத்துவைத்த ஓநாய்கள் அதிகாரத்துக்கு அடித்துக்கொண்டன. 1970-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் தன் புத்தகத்தில் அந்தத் தலைவன் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தார். கூட்டம் என்று சொன்னது வேறொன்றும் இல்லை, ஒரு குடும்பம்தான். தலைவன் என்று சொன்னவன் அப்பன், தலைவி அம்மா, பின்னால் போனவை பிள்ளைகள். 1999-இல் தன் பழைய கருத்தைத் தானே மறுத்துக் கட்டுரை எழுதினார். தான் பரப்பியதைத் தானே திருத்தும் தைரியம் அந்த மனிதருக்கு இருந்தது. நம் தெருப் பண்டிதருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே சங்கிலியைச் சுண்டி, காதைத் திருகி, தரையில் அழுத்தி, "நான்தான் ராஜா" என்று காட்டுவதைத் தன்னம்பிக்கை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அது பயந்தவன் செய்கிற வேலை. சோக் செயினும் முள் வைத்த பட்டையும் கடையில் தொங்குகின்றன என்பதற்காக வாங்கி மாட்டாதீர்கள். செவலையைப் பார்த்தால் முன்பு கழுத்து இறுகியது, இப்போது முள்ளும் குத்துகிறது என்றால் செவலை மேல் அவனுக்குப் பிரியமா வரும்?

பலத்துக்குப் பலம் நின்றால் நீங்கள் தோற்பீர்கள். இதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வண்டிமாட்டுக்காரர் எவரும் காளையோடு மல்லுக்கட்டுவதில்லை. பழகாத கன்றைப் பழகிய மாட்டோடு நுகத்தில் பூட்டி, வெறும் வண்டியை மெல்ல இழுக்க விடுவார். பொறுமையில் ஜெயிக்கிற பரம்பரை நம்முடையது.

நான் 51 கிலோ. அவன் 24. கணக்குப்படி நான்தான் கனம். ஆனால் அவனுக்கு நான்கு கால், தாழ்ந்த உடம்பு. ஆறடிக் கயிற்றை முழுக்கத் தளர விட்டிருந்தால் ஆறடி ஓடி வேகம் எடுத்துவிட்டுத்தான் என் கையில் வந்து மோதுவான். நிற்கிற நாய் இழுப்பதற்கும் ஓடிவந்த நாய் வெட்டி இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம் என் தோள்பட்டைக்குத் தெரியும். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்கள் கயிற்றில் நாயை நடத்தும்போது எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வந்தது 2004-இல் சுமார் 1,671 பேர், 2017-இல் சுமார் 4,396 பேர் என்று ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் பெண்கள். விழுவது உங்களுக்கு மட்டும் நடக்கும் கேவலம் இல்லை. ஆனால் விழாமல் நிற்கப் படித்துக்கொள்ள முடியும்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள். விரல்களில் ஒருக்காலும் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். கைப்பிடி வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து, கயிற்றை உள்ளங்கையில் ஒரு மடிப்பு மடித்து மூடிக்கொள்ளுங்கள். மறு கை கயிற்றின் நடுவில். இரண்டு கையும் தொப்புள் பக்கத்தில், வயிற்றோடு ஒட்டி. கையை நீட்டினால் தோள் கழன்றுவிடும். கபடியில் பிடிக்க நிற்பவனைப் பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கி, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அந்த நிலைதான். ஹவாய் செருப்பை வீட்டில் விட்டுவிட்டுப் பின்னால் வார் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். நைலானை எறிந்துவிட்டுப் பருத்திப் பட்டைக்கு மாறுங்கள். சுருள் பெட்டிக்குள்ளிருந்து நீண்டுகொண்டே போகும் கயிறு இப்படிப்பட்ட நாய்க்கு ஆகவே ஆகாது.

கழுத்துப் பட்டைக்குப் பதில் ஹார்னஸ் வாங்குங்கள். முதுகில் மட்டும் கொக்கி இருப்பது வேண்டாம். முதுகில் கொக்கி போட்டால் வண்டிமாடு மாதிரி நெஞ்சு கொடுத்து இழுப்பான். மார்புக்கு முன்னால் கொக்கி இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். பாய்ந்தால் உடம்பு உங்கள் பக்கமாகத் திரும்பிவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இவற்றுக்குத் தலை ஒடுங்கியது. பின்வாங்கி ஒரு திருகு திருகினால் பட்டை காது வழியாகக் கழன்று உங்கள் கையில் தொங்கும், நாய் ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கும். எனக்கு நடந்திருக்கிறது. ஹார்னஸிலும் பட்டையிலும் சேர்த்து இரண்டு கொக்கி போடுங்கள்.

ஆனால் சாமான்கள் பாதிதான் செய்யும். அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு நேர் எதிரே விவரம் தெரிந்தவன் நிற்க மாட்டான். உள்ளே முட்டிக்கொண்டிருந்த காளை அதே வேகத்தில் வெளியே வரும். நம் வீட்டு கேட்டும் வாடிவாசல்தான். கயிறு எடுக்கும் சத்தம் கேட்டதுமே பாண்டி சோபா மேல் ஏறி, இறங்கி, வாலால் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டு, கேட்டுக்கு ஓடி, திரும்பி வந்து என் மேல் முட்டுவான். அந்தக் கொதிப்போடு தெருவில் இறங்கினால் செவலையைப் பார்த்துக் கொஞ்சவா செய்வான்?

ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தேன். கயிற்றை எடுத்தேன். குதித்தான். கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் பேப்பர் படித்தேன். அடங்கினான். எடுத்தேன், குதித்தான், மாட்டினேன். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை அவன் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை அதட்டவில்லை. கேட்டைத் தாண்ட அன்றைக்கு 25 நிமிடம் ஆனது. அன்று வாக்கிங் என்று நடந்தது மொத்தம் நாலு வீட்டு தூரம். இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். முதல்முறையாக அந்த நாலு வீட்டு தூரத்தை நான் நடந்தேன், இழுபடவில்லை.

நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் கிடைக்கிறது, அதனால் இழுக்கிறது. கம்பத்தை முகர இழுத்தான், நீங்கள் பின்னால் போனீர்கள், கம்பம் கிடைத்தது. கூலி கொடுத்துவிட்டீர்கள். நாளைக்கும் வேலைக்கு வருவான். கயிறு இறுகினால் உங்கள் கால் நிற்க வேண்டும். தளர்ந்தால்தான் அடுத்த அடி. ஒன்பது முறை நின்றுவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று பத்தாவது முறை போய்விடுவீர்கள், இல்லையா? அங்கேதான் கெட்டது. ஒவ்வொரு தடவையும் விழாமல், எப்போதாவது விழுகிற பரிசுக்குத்தான் மனிதனே அடிமையானான். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்ய வேண்டிவந்தது சும்மாவா? உங்கள் நாய்க்கு நீங்கள் லாட்டரி நடத்தாதீர்கள்.

இழுப்பது வேறு, பாய்வது வேறு. பாய்ச்சல் வருவதற்கு முன் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பாண்டிக்கு முதலில் வாய் மூடும். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய், உதடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காது முன்னே வரும், உடம்பின் கனம் முன்னங்கால்களுக்கு மாறும், முதுகுத்தண்டில் ஒரு வரி மயிர் சிலிர்க்கும். மயிர் சிலிர்த்த பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறாது. வாய் மூடும்போதே நீங்கள் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

பேக்கரியிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் அவன் வாய் மூடாமல் செவலையைப் பார்க்கிறான் என்று அளந்தேன். என் காலடியில் 42. அங்கே ஒரு புங்கமரம் இருக்கிறது. அதுதான் என் பள்ளிக்கூடம். ஆட்டு ஈரலை வேகவைத்து மிளகளவாக நறுக்கி டப்பாவில் கொண்டுபோவேன். (நேற்றைய பிரியாணிக் கறியைக் கொடுக்காதீர்கள். வெங்காயம் நாய்க்கு விஷம். உலர்திராட்சையும் அப்படித்தான்.) செவலையைப் பார்ப்பான், உடனே ஒரு துண்டு. பார்ப்பான், ஒரு துண்டு. வரிசை முக்கியம். முதலில் செவலை, அப்புறம் ஈரல். ஈரலைக் காட்டி ஏமாற்றிக் கூட்டிப்போவது வெறும் லஞ்சம். இது வேறு. பாவ்லோவ் கதை பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். 1904-இல் அவர் நோபல் பரிசு வாங்கியது செரிமானத்தை ஆராய்ந்ததற்கு. சாப்பாடு வரப்போகிறது என்று காட்டும் எதைக் கண்டாலும் நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்பது அந்த வேலையின் ஊடே அவர் கவனித்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் செவலையை அந்தக் கதையில் வரும் மணியாக மாற்றுவது.

ஒன்பதாம் நாள் அது நடந்தது. செவலை எழுந்து சோம்பல் முறித்தது. பாண்டி பார்த்தான். பார்த்துவிட்டு, கத்தாமல், திரும்பி என் முகத்தைப் பார்த்தான். 'எங்கே என் ஈரல்?' என்று கேட்கிற மூஞ்சி. நடுத்தெருவில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டப்பாவில் இருந்ததை மொத்தமாகக் கொட்டிவிட்டேன்!

மறுநாளே 35 அடிக்குப் போனேன், பேராசை. பாய்ந்தான். திரும்ப 42.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதுவரை சொன்னது எல்லாம் கைவேலை. மனவேலை வேறொன்று: திரும்பிப் போவது.

எதிரே வேறொரு நாய் வருகிறது. சந்து குறுகல். உங்கள் நாயின் வாய் மூடிவிட்டது. என்ன செய்ய வேண்டும்? திரும்ப வேண்டும். அவ்வளவுதான். வந்த வழியே, சந்தோஷமான குரலில் "வாடா போலாம்" என்று சொல்லி, எட்டு வைத்து நடக்க வேண்டும். இது கஷ்டமா? உடம்புக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் பெஞ்சில் நாலு பேர் பார்க்கிறார்கள். "பாரு, பயந்து ஓடுது" என்று எவனாவது சொல்லுவான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நாம் நாயை இழுத்துக்கொண்டு முன்னேயே போய், கம்பத்தைக் கட்டிப்பிடிக்கிறோம்.

திரும்புங்கள்! பத்து முறை என்றாலும் பத்து முறையும் திரும்புங்கள். ஒரே தெருவில் பைத்தியக்காரி போல மேலும் கீழும் நடந்திருக்கிறேன். கார் மறைவில் நின்று நாயோடு பேசியிருக்கிறேன். ஈரல் டப்பாவோடு புங்கமரத்தடியில் நின்றவளைப் பார்த்து, "அக்கா பூசைக்கு வந்திருக்காவ" என்று சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டுமே! அவர்கள் கையில் டீ கிளாஸ் இருக்கிறது. உங்கள் கையில் ஒரு உயிர் இருக்கிறது. அவர்கள் டீ ஆறிவிடுவதற்குள் உங்களை மறந்துவிடுவார்கள். உங்கள் நாய் இன்னும் பன்னிரண்டு வருடம் உங்களோடு நடக்க வேண்டும்.

வாயைத் திறந்து "பக்கத்துல வராதீங்க" என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. "ஐயோ எவ்ளோ அழகு, நான் தொடட்டுமா" என்று கல்லூரிப் பிள்ளைகள் ஓடிவரும். "எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி அவிழ்த்துவிட்ட லாப்ரடாரோடு ஒரு அண்ணாச்சி நெருங்கிக்கொண்டே இருப்பார். சிரித்து, வழிந்து, "பரவாயில்ல" என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள், அதிலும் பெண்பிள்ளைகளை. பரவாயில்லை என்று சொன்ன வாயால் பிறகு ஊசிக்கு வழி கேட்க வேண்டிவரும். முதல்முறை அண்ணாச்சியிடம் கையைக் காட்டி, "நில்லுங்கண்ணாச்சி, என் நாய்க்குப் பழக்கிட்டிருக்கேன்" என்றபோது என் குரல் நடுங்கியது. அவர் முகம் சுருங்கியது. நின்றார். என்ன குடியா முழுகிப்போனது?

இதில் வீராப்புக்கு இடமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாயால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அது சரியான சட்டம். கடிக்கக்கூடும் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் வாய்க்கூடு போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வேண்டாம், வாய் திறந்து மூச்சு வாங்கக்கூடிய கூடை வடிவம். வாய்க்கூடு போட்ட நாயைப் பார்த்து ஊர் மிரளும். மிரளட்டும், தள்ளி நிற்பார்கள், உங்களுக்கு அதுதானே வேண்டும்? தடுப்பூசிச் சீட்டைத் தேதி தவறாமல் வைத்திருங்கள். திடீரென்று பாய ஆரம்பித்த நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு வலியோடு நடக்கும் நாய்க்கும் கோபம் வரும், நமக்கு வராதா?

இன்னொரு சந்தேகம் உங்கள் நெஞ்சைக் குடையும். 'குட்டியாக இருந்தபோது சொன்னதைக் கேட்டானே, இப்போது நான் கூப்பிட்டால் திரும்புவதே இல்லையே, என்மேல் பிரியம் போய்விட்டதா?' இங்கிலாந்தில் லூசி ஆஷர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதையே சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய்கள், எட்டு மாதத்தில், வளர்ப்பவர் "உட்கார்" என்றால் முன்பைவிட அதிகமாகக் கேட்க மறுத்தன. வேடிக்கை என்னவென்றால் முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன! பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். வயசு. அது கடந்துபோகும். அந்த ஆய்விலும் கடந்துபோனது. இந்த மாதங்களில்தான் நாயைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள், தெருவில் விடுகிறார்கள், மூன்றடிச் சங்கிலியில் ஆயுளுக்கும் கட்டுகிறார்கள். கரைக்கு நாலு கை தூரத்தில் நீச்சலை நிறுத்துகிறவர்களாக இருக்காதீர்கள்!

இன்றைக்கு 143-ஆம் நாள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலில் அடி எழுதிக்கொண்டு வருகிறேன். 42, 42, 35, 42, 40, 38. தீபாவளி வாரத்தில் வெடிச்சத்தத்தால் திரும்ப 42-க்கு ஏறியது. அந்த வாரம் தெருவுக்கே போகவில்லை. வீட்டுக்குள் துணிமூட்டையில் ஈரலை ஒளித்துவைத்து மூக்கால் தேடவிட்டேன், அதிலேயே களைத்துத் தூங்கினான். கார்த்திகையில் 20. தைப் பொங்கலுக்கு மறுநாள் 12. போன வாரம் பேக்கரி வாசலில், செவலையிலிருந்து ஆறு அடியில் வளைந்து கடந்தோம். கயிறு 'ப' போலத் தளர்ந்து தொங்கியது. பெஞ்சில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்காததை யார் பார்ப்பார்கள்? நான் பார்த்தேன். இரண்டு முறை தொட்டும் பார்த்தேன், கயிறு தளர்வாகத்தான் இருந்தது.

நேற்று 5:30 மணிக்குக் கால்வாய்க் கரைப் பக்கம் திரும்பினோம். புதருக்குள்ளிருந்து ஒரு பன்றி, பின்னால் ஏழெட்டுக் குட்டிகளோடு வெளியே வந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன பரம்பரை இவனுடையது. பன்றிக்கு நாங்கள் இன்னும் பாடமே எடுக்கவில்லை. வாய் மூடியது, காது, மயிர், எல்லாம் ஒரே நொடியில். கபடி நிலைக்கு வந்தேன், கை தொப்புளில், அப்படியும் நிற்க முடியாது என்று தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். 51 கிலோவும் மண்ணில். இழுத்தான், சுழன்றான், மார்புக் கொக்கி அவனை என் பக்கம் திருப்பியது. பன்றி குடும்பத்தோடு ஆற அமரச் சாலையைக் கடந்து மறைந்தது. எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"விழுந்துட்டியளாம்மா?"

"உக்காந்திருக்கேன்" என்றேன்.

பாண்டி தலையிலிருந்து வால் நுனி வரை உடம்பை ஒரு உதறு உதறினான். பதற்றம் இறங்கினால் நாய்கள் அப்படிச் செய்யும். நானும் எழுந்து சுடிதாரில் ஒட்டிய மண்ணை உதறினேன். டப்பாவில் இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. கொடுத்துவிட்டு, பன்றி போன திசைக்கு எதிர்த்திசையில், "வாடா போலாம்" என்று திரும்பினோம்.